காரணம் என்ற கட்டம்

சந்தேகம் கேட்கத்தான் கை தூக்கினேன்.
வைரவன் சார் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்.
"ஆறாவது முனை, புதுவயல் ரயில்வே கேட், வள்ளிக்கண்ணு"
என்று உரக்க வாசித்ததும்
மண்டபத்தில் நாலு பேர் கை தட்டினார்கள்.
கேட்க வந்தது இவ்வளவுதான்:
கொடி வருகிற நேரம் கேட் போட்டால் என்ன சார் செய்வது?
"விடிகாலையில் ஏது ரயில்?"
பேனாவை மூடிவிட்டார்.

அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ஓட வராது. வலது முட்டி
மழைக்கு முதல் நாளே பேச ஆரம்பித்துவிடும்.
எண்ண வரும்.
ஆகவே ஓர் அட்டை, ஒரு விசில்,
என்னைப்போல் இரண்டு பேர் நுழையக்கூடிய பச்சைச் சட்டை,
கட்டம் போட்ட தாள்:
வந்த நேரம். போன நேரம். தாமதம். காரணம்.

ஆகஸ்ட் பதினைந்து. அவித்த நெல் வாசனையோடு விடிந்தது.
செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.
ஜெனிபா கோட்டுக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்தாள்.
போலீஸ் தேர்வில் நாலு நொடியில் தோற்றவள்,
தம்பியின் ஷூவுக்குள் பஞ்சு அடைத்திருந்தாள்.

ஏழு எட்டுக்கு மணி அடித்து
கேட் இறங்கியது.
ஏழு ஒன்பதுக்கு அந்தப் பக்கம் கொடி வந்தது.

கொண்டுவந்தவர் சாத்தையா, பரோட்டா மாஸ்டர்.
இருபுறமும் பைக்குகள் சாய்ந்தன,
தலைகள் குனிந்தன, கம்பிக்கு அடியில் ஊர் நுழைந்தது.
அவர் குனியவில்லை.
கொடியைச் சாய்க்கக் கூடாது என்று
நாலாம் விதியில் இருக்கிறது; அவர் விதியைப் படித்தவரில்லை.

லாரிக்காரன் ஒருவன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.
தேவகோட்டை பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து
"யோவ், கொடி நிக்குதுய்யா" என்றார்.
அவ்வளவுதான்.
முதலில் லாரி அணைந்தது. பிறகு பஸ்.
பிறகு ஒவ்வொன்றாய் எல்லாம்.
பால்காரர் மட்டும் இறங்கவில்லை,
அவர் வண்டிக்கு ஸ்டாண்ட் கிடையாது.

போனில் வைரவன் சார்.
"ஏன் லேட்டு?"
"கேட் சார்."
"என்ன கேட்டு?"
"அன்றைக்குக் கேட்டேனே சார், அந்த கேட்."

கூட்ஸ் வண்டி வந்தது, காலிப் பெட்டிகள், அவசரமே இல்லாமல்.
ஐம்பத்தெட்டு. எண்ணாமல் இருக்க முடியாது எனக்கு.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்
கொடி ஒரு கீற்று தெரிந்தது, மறைந்தது,
தெரிந்தபோதெல்லாம் அதே உயரத்தில்.

கேட் ஏறியதும் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பாய்ந்தது.
விசில் ஊதினேன். யார் காதிலும் விழவில்லை.
சுண்ணாம்புக் கோட்டை லாரிச் சக்கரம் எடுத்துக்கொண்டு போயிற்று.
கோடே இல்லாத ஓர் இடத்தில்
கை மாறியது கொடி.
ஜெனிபா கிளம்பியதை நான் பார்க்கவில்லை,
நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாத்தையா மைல்கல்லில் உட்கார்ந்து
மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.
"கை நடுங்கினது தெரிஞ்சுதா?"
"இல்லண்ணே."
தெரிந்தது.

எல்லோரும் போன பின் டம்ளர் பொறுக்கினேன்.
கேட்கீப்பர் அறை வாசலில் அந்த மனிதர்
இன்னும் நின்றுகொண்டிருந்தார்.
அவர் கையிலும் ஒரு கொடி, வெறும் பச்சை,
ரயிலுக்குக் காட்டிவிட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
அதற்கு யாரும் எஞ்சினை அணைப்பதில்லை.
தண்ணீர் கொடுத்தேன்.
"நாளைக்கும் இதே வண்டி, இதே நேரம்" என்றார்,
நாளைக்கும் நான் வருவேன் என்பதுபோல.

தாமதம்: பதினொரு நிமிடம்.
காரணத்துக்கு விட்டிருந்த இடம் விரல் அகலம்.
கேட் என்று எழுதினேன்.
பொய் இல்லை.

நூற்றிருபது டம்ளர் கொண்டுவந்தேன்,
சாக்கில் நூற்றுப் பதினேழு.
ஒன்று அவர் கையில்.
மற்ற இரண்டுக்கு
கணக்கு இல்லை.